டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருந்த கசிவு: கார் ஏசியின் கூலிங் காயிலை மாற்றிய அனுபவம்

2013-ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் சிறிய பெட்ரோல் காரின் ஏசிக்கு 2023 மார்ச்சில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை என ஒரே ஆண்டில் மூன்று தடவை கேஸ் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் பட்டறையிலிருந்து வீடு திரும்பும்போது காற்று சில்லென்று வந்தது. சில வாரங்களில் அது வெறும் மின்விசிறிக் காற்றாகிவிட்டது. மூன்று பட்டறைகளிலும் கேஸ் குறைந்துவிட்டது என்று சொன்னார்களே தவிர, எங்கே போகிறது என்று எவரும் தேடவில்லை. மூன்றாவது இடத்தில் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று 22,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் இந்தக் கசிவை நானே தேடுவது என்று முடிவு செய்தேன்.

நான் கார் மெக்கானிக் அல்ல. கோவையில் பம்பு தயாரிக்கும் பட்டறை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வார்ப்பிலிருந்து வரும் பம்பு உறைகளில் நீரை ஏற்றி, அழுத்தம் கொடுத்து, எங்கே வியர்க்கிறது என்று பார்ப்பதே என் அன்றாட வேலை. கசிகிற உறையில் மேலும் நீரை ஊற்றி அனுப்பிவிடலாம் என்று எங்கள் பட்டறையில் எவரும் சொல்ல மாட்டார்கள். கார் ஏசியில் மட்டும் அதுவே வழக்கமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், அதன் வெப்பத்தை வெளியேற்றித் திரவமாக்கும் கன்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் ஆகிய நான்கையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் அதே பொருள்தான் அது. ரப்பர் ஹோஸ்களின் வழியே ஆண்டுக்குச் சில கிராம் ஊறி வெளியேறுவது இயல்பு. ஆனால் இரண்டு, மூன்று மாதங்களில் குளிரே நின்றுபோகும் அளவுக்குக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அழுத்தம் அளக்கும் கேஜ் செட் ஒன்று வாங்கினேன். இரவு முழுவதும் நின்ற காரில், என்ஜினை இயக்காமல், அதிகாலை 24 டிகிரி வெப்பநிலையில் கேஸ் ஏற்றும் வாய்களான இரண்டு சர்வீஸ் போர்ட்டுகளிலும் மாட்டிப் பார்த்தபோது இரு முள்களும் 52 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டின. இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. எங்கள் காரில் இருப்பது ஆர்-134ஏ என்னும் கேஸ். அமைப்புக்குள் ஒரு சொட்டுத் திரவமாவது மிஞ்சியிருந்தால், 24 டிகிரியில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 80 பிஎஸ்ஐ இருந்தே ஆக வேண்டும். உள்ளே 100 கிராம் திரவம் இருந்தாலும் 300 கிராம் இருந்தாலும் அந்த அழுத்தம் மாறாது. எனவே 80 காட்டினால் அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 52 காட்டினால், திரவம் முழுவதும் தீர்ந்து வெறும் ஆவி மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அக்டோபரில் ஏற்றியதில் பெரும்பகுதி இரண்டே மாதங்களில் போய்விட்டது.

பார்க்க முடிகிற இடங்களில் முதலில் தேடினேன். சோப்புக் கரைசலைத் தூரிகையால் எடுத்து ஹோஸ் இணைப்புகள், கம்ப்ரசரின் முன்பக்க சீல், கன்டென்சரின் மூலைகள், இரு சர்வீஸ் போர்ட்டுகளின் வால்வுகள் ஆகியவற்றில் தடவி, ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். நுரை எங்கும் கிளம்பவில்லை. கன்டென்சரில் கசிந்தால் கேஸோடு எண்ணெயும் வெளியேறி, அந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுத்த திட்டாகத் தெரியும். அப்படி ஒரு திட்டும் இல்லை. அப்போதுதான் என் மனைவி சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. காலையில் முதன்முதலாக ப்ளோயரைப் போடும்போது ஏதோ ஒரு இனிப்பான மருந்து வாடை வருகிறது என்பாள். நான் அதைப் பழைய காரின் வாடை என்று எண்ணி விட்டுவிட்டேன். அன்றே அதைப் பொருட்படுத்தியிருந்தால் இரண்டு முறை கேஸ் ஏற்றிய செலவு மிஞ்சியிருக்கும்.

எங்கள் தெருமுனையில் ஏசி வேலை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணா என்றே அழைப்பேன். அவரிடம் சொன்னதும் புற ஊதா ஒளியில் மிளிரும் சாயத்தைச் சிறிதளவு கேஸோடு சேர்த்து ஏற்றினார். பத்து நாள் ஓட்டிவிட்டு ஓர் இரவு காரை அவரிடம் கொண்டுபோனேன். முன்பக்க இடது இருக்கைக்குக் கீழே, தரையைத் துளைத்து வெளியே வரும் சிறிய ரப்பர்க் குழாயின் வாயில் நீல டார்ச்சை அடித்தார். ஏசி ஓடும்போது தண்ணீர் சொட்டுகிற குழாய் அது. அதன் உதட்டோரத்தில் பச்சை கலந்த மஞ்சள் கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா தம்பி, கம்ப்ரசர் மேல தப்பே இல்லீங்க. கூலிங் காயில்தான் போயிருக்குது" என்றார்.

கேஸ் கண்டறியும் மின்னணுக் கருவியின் முனையையும் அந்தக் குழாய்க்குள் செருகிப் பார்த்தார். அது விடாமல் கூவியது. ஆர்-134ஏ ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது என்பதால், காயிலில் கசிகிற கேஸ் பெட்டியின் அடியில் தேங்கி இந்த வழியாகத்தான் இறங்கும். என்ஜினையும் ப்ளோயரையும் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ப்ளோயர் ஓடினால் கேஸ் கலைந்துவிடும்.

மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்கிற எவாப்பரேட்டர், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தட்டுகளின் அடுக்கு. வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். காயிலுக்குள் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் கொதித்து, தட்டுகளின் மேல் செல்லும் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். காற்றிலுள்ள ஈரம் அந்தத் தட்டுகளின் மேல்தான் நீராகப் படியும். நீரும் தூசியும் காய்ந்த இலையும் சேர்ந்து ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். தட்டின் தடிமனோ அரை மில்லிமீட்டர் அளவுதான். அதனால்தான் ஓட்டையை அடைக்கும் திரவத்தை உள்ளே செலுத்தலாம் என்றும், காயிலைக் கழற்றி எபாக்சி வைத்து ஒட்டலாம் என்றும் சிலர் சொன்ன யோசனைகளை நான் ஏற்கவில்லை. ஓர் இடத்தில் துளை விழுந்த காயிலில் பக்கத்துத் தட்டுகளும் அதே நிலையை நெருங்கிக்கொண்டிருக்கும். அடைப்புத் திரவமோ ஈரம் பட்டால் இறுகி எக்ஸ்பான்ஷன் வால்வையே அடைத்துவிடக்கூடும். பின்னாளில் கேஸை மீட்கும் இயந்திரத்தையும் கெடுக்கும்.

கழற்றும் முன் மிஞ்சியிருந்த கேஸை என்ன செய்வது என்பது எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. வால்வை அழுத்திக் காற்றில் விட்டுவிடுவதே பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை. அந்தக் காரணத்துக்காகத்தான் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு பழைய ஆர்-12-இன் இடத்துக்கு இது வந்தது. ஆனால் புவி வெப்பமாதலில் ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறத்தாழ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எங்கள் காரில் ஒவ்வொரு முறையும் வீணான சுமார் 350 கிராம் என்பது அரை டன் கரியமில வாயு. 200 லிட்டருக்கும் மேலான பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இந்தியா 2021-இல் அதே மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தத்தை ஏற்று, இவ்வகைக் கேஸ்களின் பயன்பாட்டை 2028 முதல் ஒரு வரம்புக்குள் நிறுத்தவும் பின்னர் படிப்படியாகக் குறைக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. தெருவில் ஒரு வால்வை அழுத்தும் விரலுக்கு அது எட்டவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அண்ணனுக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் மீட்பு இயந்திரம் இருந்தது. ஜனவரி 12 மாலை காரை அங்கே கொண்டுபோய், 300 ரூபாய் கொடுத்து, எஞ்சியதை உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். திரையில் 70 கிராம் என்று காட்டியது. பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியுள்ள தாளின்படி இருக்க வேண்டியது 420 கிராம்.

2024-இல் பொங்கல் திங்கட்கிழமை வந்ததால், 13-ஆம் தேதி சனிக்கிழமை முதல் காணும் பொங்கல் வரை சேர்ந்தாற்போல ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. புதிய காயில், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, இணைப்புகளை அடைக்கும் பச்சை நிற ரப்பர் வளையங்களான ஓ-ரிங் தொகுப்பு, கம்ப்ரசருக்கான பிஏஜி 46 எண்ணெய் ஆகியவற்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன். ஏசி அமைப்பைத் திறந்தாலே டிரையரையும் மாற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள், காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். எக்ஸ்பான்ஷன் வால்வு இன்னும் நன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்காக இன்னொரு முறை டாஷ்போர்டைக் கழற்றும் மனம் எனக்கு இல்லை.

சில கார்களில் க்ளவ் பாக்ஸை எடுத்தாலே காயிலை உருவிவிடலாம். எங்கள் காரில் அப்படி இல்லை. டாஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரைத் தொடும் முன் அந்தக் காத்திருப்பு கட்டாயம். மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் அதற்குள் வடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முட்டை அட்டையின் ஒரு குழியில் போட்டு, குழியின் ஓரத்தில் எண் எழுதி, அது இருந்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். முதல் அட்டையில் முப்பது குழிகளும் நிரம்பி, இரண்டாவது அட்டையில் பதினேழாம் குழிவரை போனது. இந்த ஏற்பாடு இல்லாமல் நான் அந்த டாஷ்போர்டைத் திரும்ப மாட்டியிருக்க முடியாது. ஏனெனில் ஒரே தடிமனில் மூன்று நீளங்களில் ஸ்க்ரூகள் இருந்தன. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் முன்பக்கப் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும்.

க்ளவ் பாக்ஸ், ஸ்டீரியோ, நடுக் கன்சோல், மீட்டர் பேனல், ஸ்டீரிங்கின் கீழ்மூடி என்று வரிசையாக வந்தன. எல்லாம் கழன்ற பிறகும் டாஷ்போர்டு இடது பக்கம் மட்டும் நகர மறுத்தது. இழுத்தபோது பிளாஸ்டிக் முனகிய ஓசை கேட்டு உடனே நிறுத்திவிட்டேன். டார்ச்சுடன் தேடியதில், முன்கண்ணாடியின் விளிம்பை ஒட்டி விரல்நக அளவு மூடி ஒன்று; அதன் கீழே ஒரு போல்ட். அதற்குள் காற்றுக் குழாயின் கொக்கி ஒன்று ஒடிந்துவிட்டது. பின்னர் அதை அலுமினியத் துண்டு வைத்துப் பிணைத்தேன். பொருள் வரவில்லை என்றால் எங்கோ ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறது. பலத்தைக் கூட்டும் முன் அதைத் தேட வேண்டும்.

என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில், என்ஜின் பக்கத்தில், இரண்டு ஏசிக் குழாய்களைப் பிடித்திருந்த ஒற்றைப் போல்ட்டும், ஹீட்டரின் இரண்டு ரப்பர் ஹோஸ்களும் கழற்றப்பட வேண்டியவை. என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ஹோஸ்களைக் கழற்றினேன். ஒரு லிட்டர் அளவுக்குக் கூலன்ட் பாத்திரத்தில் வடிந்தது. ஏசிக் குழாயின் போல்ட் அலுமினியத்தோடு பூத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சூடாக்கினால் கழன்றுவிடும் என்று தோன்றும். ஆனால் கேஸ் எச்சம் இருக்கும் இடத்துக்கு அருகில் தீயைக் கொண்டுபோகக் கூடாது. ஆர்-134ஏ தீயில் சிதைந்தால் நுரையீரலை அரிக்கும் அமில வாயுக்கள் உண்டாகும். துருநீக்கி எண்ணெயை இரண்டு முறை விட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, கால் சுற்றாக அசைத்தபோது விட்டுக்கொடுத்தது. கழன்ற நொடியே இரு குழாய் வாய்களையும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து டேப் சுற்றினேன். பிஏஜி எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. திறந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும்.

ஞாயிறு மாலை காயில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் திண்ணையில் வைத்துத் திறந்தோம். அதற்குள் இருந்ததைப் பார்த்ததும் இத்தனை ஆண்டுகள் இந்தக் காற்றையா சுவாசித்தோம் என்று தோன்றியது. எங்கள் கார் நிற்பது வீட்டு வாசலில் உள்ள வேப்ப மரத்தடியில். பங்குனி, சித்திரையில் உதிரும் வேப்பம்பூவும் ஆண்டு முழுவதும் உதிரும் சருகும் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடை வழியே நுழைந்து, ப்ளோயரால் தள்ளப்பட்டு, காயிலின் முகத்தில் ஒரு விரல் தடிமனுக்குக் கம்பளிபோலப் படிந்திருந்தன. கேபின் ஃபில்டர் அவற்றைத் தடுத்திருக்கும். ஆனால் ஃபில்டருக்கான பள்ளம் வெறுமையாகவே இருந்தது. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும் மாட்டப்பட்டிருந்தது. பெட்டியின் அடியிலுள்ள நீர் வடியும் துளையில் பாதி, களிமண்ணாக இறுகிய தூசியால் அடைபட்டிருந்தது. எனவே காயிலின் கீழ் விளிம்பு எப்போதும் அந்தச் சேற்று நீரில் நனைந்தபடியே இருந்திருக்கிறது.

துளை எங்கே என்று கண்ணால் பார்க்காமல் பழைய காயிலைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து லேத் பட்டறையில் சிறிய அலுமினியத் தகடு ஒன்றில் சைக்கிள் ட்யூபின் வால்வைப் பொருத்தித் தரச் சொல்லி, அதைக் காயிலின் வாயில் ரப்பரோடு இறுக்கினேன். டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் 60 பிஎஸ்ஐ ஏற்றி, குளியலறைத் தொட்டியில் மெல்ல அமிழ்த்தினேன். முதலில் தட்டுகளுக்கிடையே சிக்கியிருந்த காற்று கலகலவென்று மேலே வந்தது. அது அடங்கிய பிறகு நீர் தெளிந்து அசைவற்று நின்றது. கீழ் மூலையில், ஓரத்திலிருந்து மூன்றாவது தட்டும் அடித்தொட்டியும் சேரும் மடிப்பில், கடுகைவிடச் சிறிய குமிழி ஒன்று தோன்றி, சில நொடிகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு பருத்து, பிரிந்து மேலே ஏறியது. அதே இடத்தில் அடுத்தது. "அப்பா, இவ்வளவு சின்னதா?" என்றாள் மகள். மேலெழுவதை அவள் எண்ணினாள், நிமிடத்துக்குப் பதினொன்று. தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்த ஒரு புள்ளிதான் தெரிந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். இது தூக்கி எறியப்போகும் காயில் என்பதால்தான் சாதாரணக் காற்றை ஏற்றினேன். திரும்ப மாட்டப்போகும் பொருளைச் சோதிக்க உலர்ந்த நைட்ரஜன் மட்டுமே வேண்டும். ஆக்சிஜன் உருளையை எக்காரணம் கொண்டும் அருகில் கொண்டுவரக் கூடாது. எண்ணெயோடு அது அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

பழைய காயிலின் பக்கத்தில் புதியதை வைத்துப் பார்த்தபோது வேலை நின்றது. அட்டைப் பெட்டியின் மேல் எங்கள் காரின் பெயர் சரியாகவே இருந்தது. உயரமும் அகலமும் பொருந்தின. ஆனால் எக்ஸ்பான்ஷன் வால்வு உட்காரும் முகம் 8 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அடுத்து வந்த மாடலுக்கானது போலும். வாங்கிய அன்றே பழையதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்லலாம்; பழையதோ டாஷ்போர்டுக்குள் இருந்தது. பொங்கல் முடியும்வரை கடை திறக்காது. 18-ஆம் தேதி பழைய காயிலையே கையில் எடுத்துக்கொண்டு போய், கடையின் மேசையில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிச் சரியானதை வாங்கி வந்தேன். இடைப்பட்ட நாட்களைப் பெட்டியைச் சுத்தம் செய்வதில் செலவிட்டேன். சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, வடிதுளையைக் குத்தி அகலப்படுத்தாமல் அடைப்பை மட்டும் நீக்கி, ஒரு குவளைத் தண்ணீர் தடையின்றி வடிகிறதா என்று பார்த்தேன். காயிலைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய நுரைப் பட்டைகள் தொட்டாலே கறுப்புப் பொடியாக உதிர்ந்தன. நீர் ஊறாத புதிய நுரைப் பட்டைகளை ஒட்டினேன். இதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. பட்டை இல்லாவிட்டால் காற்று காயிலுக்குள் போகாமல் அதன் ஓரமாக நழுவிச் சூடாகவே உள்ளே வரும்.

20-ஆம் தேதி சனிக்கிழமை எல்லாம் உள்ளே போகத் தொடங்கின. காயிலின் குளிரை அளந்து, உறையும் நிலைக்கு நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சென்சாரின் ஊசியை, பழையதில் எந்த இடத்தில் குத்தியிருந்ததோ அதே இடத்தில் குத்த வேண்டும். இடமிருந்து ஏழாவது வரிசை, மேலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். குளிர் குறைவான இடத்தில் அதைக் குத்தினால் காயில் பனிக்கட்டியாக உறைந்து காற்றே வராமல் போகும். பழைய காயிலிலிருந்து 25 மில்லிலிட்டர் எண்ணெய் வடிந்தது. கசிவோடு போயிருக்கும் அளவையும் சேர்த்துப் புதிய காயிலில் 40 மில்லிலிட்டர் விட்டேன். வடிந்த எண்ணெய் தெளிவாக இருந்தது, உலோகத் துகள் எதுவும் இல்லை. கம்ப்ரசருக்கு எந்தக் கேடும் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓ-ரிங்கையும் அதே எண்ணெயில் தோய்த்து மாட்டினேன். கட்டக் கடைசியில்தான் டிரையரின் மூடியைத் திறந்தேன்.

மறுநாள் அண்ணன், அமைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தன் வேக்கம் பம்போடு வந்தார். காலையிலேயே தொடங்கலாம் என்றேன். நண்பகலில் செய்யலாம் என்றார். உள்ளே புகுந்த ஈரத்தை நீக்க வேண்டுமானால் அதைக் கொதிக்க வைக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் நீர் கொதிக்க, மிஞ்சியுள்ள அழுத்தம் பாதரசத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் போதும். காலைக் குளிரில் அதைவிடவும் இறங்க வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் கேஜின் முள் 28 அங்குலத்தில் நின்றுவிட்டது. கையேடுகள் 29-க்கு மேல் வர வேண்டும் என்கின்றனவே, பம்பு பழுதோ என்று கேட்டேன். பட்டறையில் தினமும் அழுத்தத்தோடு பழகும் எனக்கு அதன் விடை சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அந்த எண் கடல் மட்டத்துக்கு உரியது. கோவை 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது; இங்கே காற்றின் மொத்த அழுத்தமே ஏறத்தாழ இருபத்தெட்டரை அங்குலம்தான். 28 காட்டினால் உள்ளே அரை அங்குலம்தான் மிச்சம். அது போதுமானது.

45 நிமிடம் இழுத்த பிறகு வால்வுகளை மூடிவிட்டுக் காத்திருந்தோம். முள் சற்றே ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. எங்களுடையது ஏறிக்கொண்டே போனது. இருபது நிமிடத்தில் 28 அங்குலம் 25 ஆகிவிட்டது. எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. டாஷ்போர்டு ஏற்கெனவே பாதி மாட்டப்பட்டிருந்தது. அண்ணன் பதறவில்லை. முதலில் தன் ஹோஸ்களை மட்டும் தனியாக மூடி அவை நிற்கின்றனவா என்று பார்த்தார், அவை நின்றன. பிறகு, "ஃபயர்வால்ல கடைசியா முறுக்குனது எதுங்க?" என்று கேட்டார். தடித்த குழாயின் இணைப்பைச் சொன்னேன். கழற்றிப் பார்த்தபோது ஓ-ரிங்கின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு சீவல் இருந்தது. குழாய் நேராக உட்காரும் முன்பே நான் போல்ட்டை முறுக்கி, அந்த இழுப்பில் ரப்பரை நசுக்கியிருந்தேன். புதியதை மாட்டி, இம்முறை குழாயைக் கையால் முழுவதும் அழுத்தி அமர்த்திப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். மீண்டும் 45 நிமிட வேக்கம். அரை மணி நேரக் காத்திருப்பு. முள் அசையவில்லை.

கேஸை அழுத்தம் பார்த்து ஏற்றக் கூடாது, எடை பார்த்து ஏற்ற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சமையலறையில் பயன்படுத்தும் டிஜிட்டல் தராசில் 450 கிராம் டப்பாவை நிறுத்தினோம். என்ஜினை இயக்காமல் உயர் அழுத்தப் பக்கம் வழியே, டப்பாவைக் கவிழ்த்து, திரவமாக முதல் பகுதியை விட்டோம். வேக்கம் அதைத் தானே இழுத்துக்கொண்டது. 260 கிராமில் ஓட்டம் நின்றது. உயர் அழுத்த வால்வை இறுக்கி மூடிய பிறகு, கம்ப்ரசரின் முகத்தைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினார் அண்ணன். அதற்குள் திரவம் தேங்கியிருந்து என்ஜின் திடீரென்று கிளம்பினால் உள்ளுறுப்புகள் உடையும். அதன் பிறகே என்ஜினை இயக்கி, டப்பாவை நிமிர்த்தி, தாழ் அழுத்தப் பக்கம் வழியே ஆவியாக மீதியை ஏற்றினோம். ஓடும்போது உயர் அழுத்த வால்வைத் தவறியும் திறக்கக் கூடாது; கம்ப்ரசரின் அழுத்தம் டப்பாவுக்குள் பாய்ந்து அதை வெடிக்கச் செய்துவிடும். ஹோஸில் தங்கும் அளவையும் கணக்கிட்டு, காருக்குள் 420 கிராம் சேர்ந்ததும் மூடினோம்.

நிழலில் 30 டிகிரி இருந்த அந்தப் பிற்பகலில், என்ஜின் 1,500 சுற்றில் ஓட, தாழ் பக்கம் 28 பிஎஸ்ஐ, உயர் பக்கம் 185 பிஎஸ்ஐ, நடுத் துவாரத்தில் வைத்த வெப்பமானியில் 6 டிகிரி. நான் எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது மகள் காருக்குக் கீழே குனிந்து பார்த்தாள். ரப்பர்க் குழாயிலிருந்து முதல் சொட்டு விழுந்தது, பிறகு சீராகச் சொட்டத் தொடங்கியது. ஆண்டுக்கணக்காக அந்தப் பெட்டிக்குள் தேங்கிய நீர் இப்போது தரையில் விழுந்து மண்ணை நனைத்தது.

டாஷ்போர்டை முழுவதும் மாட்டி முடிக்க மேலும் இரண்டு மாலைகள் ஆயின. முட்டை அட்டையில் ஒரு ஸ்க்ரூவும் மிஞ்சவில்லை. செலவைக் கூட்டிப் பார்த்தால் காயில் 4,200, டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் 1,900, கேஸ், எண்ணெய், ஓ-ரிங், கூலன்ட், நுரைப் பட்டை எல்லாம் சேர்த்து 1,600, கேஸ் மீட்க 300, அண்ணனுக்கு 1,500. மொத்தம் 9,500 ரூபாய். கேஜ் செட்டின் விலை இதில் சேராது. மூன்று முறை கேஸ் ஏற்றக் கொடுத்த தொகை 4,800.

வெறுமையாக இருந்த பள்ளத்தில் 350 ரூபாய்க்குக் கேபின் ஃபில்டர் ஒன்றை, மூடியின் உட்பக்கத் தடுப்பை வெட்டிவிட்டுப் பொருத்தினேன். சித்திரை முடிவில் அதை இழுத்துப் பார்த்தபோது மடிப்புகளுக்கிடையே வேப்பம்பூக்கள் உலர்ந்து வரிசையாகக் கிடந்தன. தட்டினால் ஒரு கைப்பிடி தேறியது. வடிகுழாயில் மாதம் ஒருமுறை நீல டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பழைய சாயத்தின் கறை முதல் மழைக்காலத்தோடு கழுவப்பட்டுப் போனது, புதிதாக எதுவும் மிளிரவில்லை. 2025 ஜனவரியில் அதே மீட்பு இயந்திரத்தில் கேஸ் முழுவதையும் எடுத்து நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 408 கிராம் காட்டியது. குறைந்த 12 கிராமைச் சேர்த்து 420 ஆக்கித் திரும்ப ஏற்றினார்கள்.